கைக்குள் அடங்கும் மரக்குருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு விறாந்தையில் இருந்து நான் செதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு சாமான்தான், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மரக்குருவி. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கும், செத்தவீட்டுக்காரருக்கும், தூரதேசம் போகிறவர்களுக்கும் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன, பொம்மையா, அலங்காரச் சாமானா?

இரண்டும் இல்லை. அலுமாரியில் வைத்துப் பார்த்தால் அழகாகக்கூட இருக்காது. நாலு அங்குல நீளம், முதுகு உருண்டை, வயிறு தட்டை, வால் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும், அவ்வளவுதான். கையில் எடுத்தால்தான் இது எதற்கு என்று விளங்கும், ஏனென்றால் எடுத்த உடனே பெருவிரல் தானாக முதுகுக்குப் போய்த் தடவத் தொடங்கிவிடும். தடவாமல் வைத்திருந்த ஆளை நான் இன்னும் காணவில்லை, வேண்டுமென்றே தடவாமல் இருந்த என் மச்சானைத் தவிர.

எப்படி இதற்குள் வந்தீர்கள்?

அம்மாவால். பக்கவாதம் வந்து அவர் வார்டில் கிடந்த நாட்களில், நல்லாக இருந்த வலது கை சும்மா இருக்கவே இல்லை. போர்வையை இழுப்பார், சேலைத் தலைப்பைச் சுருட்டுவார், அதுவும் இல்லாவிட்டால் மற்றக் கையில் ஏற்றியிருந்த சேலைன் ஊசியைப் பிடுங்குவார். மூன்று முறை திரும்பக் குத்தினார்கள். நேர்ஸ் ஒருவர் பண்டேஜ் சுருள் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தார், அரை மணித்தியாலத்தில் அதை அவிழ்த்துக் கட்டில் முழுக்கப் பரப்பிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் ஒரு வயதான ஓடாவி இருந்தார், தோணி வேலை செய்தவர். கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பூவரசங்கட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, மூலைகளைச் சீவி, அரத்தாளால் தேய்த்து, "இத கொண்டு போய்க் குடு மனே" என்றார். அது குருவி இல்லை, எதுவுமே இல்லை, ஒரு வழுவழுப்பான கட்டை. அம்மா அதைப் பிடித்தார், பிடித்தபடியே நித்திரையானார். அடுத்த நாளும் அது கையில் இருந்தது.

பிறகு அந்த ஓடாவியிடமே போய் உளி பிடிக்கப் பழகினேன். பொம்பிளை எதற்கு இந்த வேலைக்கு என்று கேட்டவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார், என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஏன் குருவி?

வெறும் கட்டையை நீட்டினால் "இது என்ன?" என்று முழிக்கிறார்கள், குருவி என்றால் கேள்வி இல்லாமல் வாங்குகிறார்கள், முதற்காரணம் அதுதான். அமெரிக்காவில் மரம் செதுக்குகிறவர்கள் இதே மாதிரிச் சின்னக் குருவிகளை 'ஆறுதல் குருவி' என்ற பெயரில் நோயாளிகளுக்கும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களுக்கும் செய்து கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் பிடிக்கும் வடிவமும் பெரும்பாலும் அதுதான், என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு சுகம் இருக்கிறது. மட்டக்களப்பில் கிழவிகள் சின்னப்பிள்ளையைக் கூப்பிடுவதே "வா கிளி" என்றுதானே. கொடுத்த ஐந்தாம் நிமிஷத்திலேயே இந்தக் கட்டையும் கிளியாகிவிடும்.

மரத்தைப் பிடித்தால் மனது ஆறும் என்பதற்கு விஞ்ஞானம் ஏதாவது இருக்கிறதா, அல்லது நம்பிக்கைதானா?

கொஞ்சம் இருக்கிறது. சுலபமாக விளங்குவது சூடு. வார்டில் கட்டிலின் இரும்புக் கம்பியும் மரக்குருவியும் ஒரே அறையில் ஒரே வெப்பத்தில்தான் இருக்கின்றன, ஆனால் இரும்பு கைச்சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போவதால் குளிர்கிறது, மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் நம் சூட்டையே நமக்குத் திருப்பித் தருவது போல இருக்கும். ஐந்து நிமிஷம் பிடித்தால் ஒரு கையைப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஜப்பானில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 18 பல்கலைக்கழக மாணவிகளை 90 விநாடி ஓக் மரப்பலகையில் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, பிறகு சலவைக்கல், ஓடு, துருப்பிடிக்காத உருக்கு என்று மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மரத்தில் வைத்தபோது மூளையின் முன்பகுதி அமைதியடைந்தது, உடம்பை இளைப்பாற வைக்கும் நரம்புத் தொகுதி கூடுதலாக வேலை செய்தது. நல்ல சேதிதான், ஆனால் அவர்கள் சுகதேகியான பதினெட்டு இளம்பெண்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒரு மனுஷிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

செபமாலை, தஸ்பீஹ், உருத்திராட்ச மாலை, இந்த மூன்றையும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் நான் பார்த்திருக்கிறேன். மந்திரமும் செபமும் வேறு வேறாக இருக்கலாம், விரல் செய்கிற வேலை ஒன்றுதான். பயந்துபோன மனிதனின் கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும், அதைத்தான் நான் நம்புகிறேன்.

கண், சிறகு எல்லாம் செதுக்கினால் இன்னும் வடிவாக இருக்குமே?

இருக்கும், பார்க்க. கண் வைத்தால் அது பார்க்கிற சாமான் ஆகிவிடும், விரல் போகாது. சிறகில் கோடு போட்டால் அதற்குள் அழுக்கு ஏறும். சொண்டைக் கூராக்கினால் நித்திரையில் குத்தும். நான் செய்த முதல் பத்துப் பன்னிரண்டு குருவிகளில் என் கெட்டித்தனத்தைக் காட்ட எல்லாம் வைத்தேன், வாங்கியவர்கள் "ஆ, நல்ல வேலை" என்று சொல்லி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

எந்த மரம் நல்லது?

என் விருப்பம் பூவரசு. உள்மரம் கடும் சிவப்புக் கலந்த மண்ணிறம், இழை நெருக்கம், தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும், எங்கள் கரையோரம் முழுக்க வேலி வேலியாக நிற்கிறது, கிளை வெட்டினாலே போதும், மரத்தைச் சாய்க்கத் தேவையில்லை. வேம்பும் நல்லது, ஆனால் தேய்க்கும்போது தூள் தொண்டைக்குள் போனால் நாள் முழுக்கக் கசக்கும். பலா மஞ்சளாகத் தொடங்கிக் காலம் போகப் போகத் தேன்நிறத்துக்கு வரும், நான் செய்தவற்றில் வயதானவர்கள் ஆசையாகக் கேட்பது அதைத்தான். கலியாண முருக்கு பாரமே இல்லை, பழகுபவர்களுக்குச் சரி, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். அதோடு குருவிக்குக் கொஞ்சம் பாரம் இருக்க வேண்டும், பாரம் இல்லாதது கையில் இருப்பதே தெரியாது.

முதிரை வேண்டாம். இதைச் சொன்னால் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள், ஏனென்றால் எங்கள் வீடுகளில் நிலை, கதவு, கட்டில் என்றால் முதிரைதானே பெருமை. ஆனால் முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். நான் அனுபவப்பட்டவள். நாவலடியில் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோன ஒரு வீட்டின் நிலைத்துண்டை, அந்த வீட்டு அக்கா இத்தனை வருஷமும் வளவின் மூலையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஓர் ஆசையில் முகமூடி, கையுறை ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள் இருந்து தேய்த்தேன். முழங்கை வரைக்கும் சிவந்து வீங்கி, கிளினிக்கில் போய் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அக்காவுக்கோ அந்தக் கட்டைதான் வேண்டும், வேறு மரத்தில் செய்து தருகிறேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று தரம் வார்னிஷ் பூசி, நன்றாகக் காயவிட்டு, மரம் தோலில் படாதபடி மூடிக் கொடுத்தேன். கீழே வார்னிஷ் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

மரமுந்திரியும் வேண்டாம், பால் சுடும். களப்பு ஓரத்துக் கண்டல் மரங்களில் கை வைக்கவே கூடாது. முதிரை, கருங்காலி மாதிரி மரங்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டவோ ஏற்றவோ முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், சொந்த வளவில் நிற்கிற பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் வெட்டவே அனுமதி வேண்டும் என்பது, 1951இல் வந்த சட்டம், பலருக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது ஒரு கைப்பிடிக் கட்டை. மர ஆலையிலும் ஓடாவிமாரின் பட்டறையிலும் கழிவாக எறிவதே மிச்சம் மிச்சமாகக் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் விழுந்த மரத்தில் செய்து தருவீர்களா?

கட்டாயம், அதைவிட நல்ல மரம் இல்லை. ஆனால் பச்சையாகக் கொண்டுவராதீர்கள், கொண்டுவந்தாலும் உடனே கேட்காதீர்கள். பலகையைக் காற்றில் காயவிட அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. குருவிக்கான சின்னத் துண்டு சில மாதத்தில் சரிவரும், இரண்டு தலைப்பிலும் மெழுகு பூசி நிழலில் வைத்தால் வெடிக்காது. மார்கழி மழைக்குள் காயவைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். கட்டையின் கீழே மா மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு கிழமை ஃப்ரீசரில் போடுங்கள். மீன் பையோடு சேர்த்து வைத்துவிட்டு மணக்கிறது என்று என்னிடம் சொல்லக்கூடாது.

1978 சூறாவளியில் சாய்ந்த பலாவின் பலகையை இன்னமும் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த மாதிரிப் பலகை ஒன்றில் ஏழு குருவி வெட்டி ஏழு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், காணிச் சண்டையில் கதைபேச்சு இல்லாத பிள்ளைகள். குருவி கொடுத்துச் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்காதீர்கள், இல்லை. ஆனால் தாயின் ஆட்டைத் திவசத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

செய்முறையைச் சொல்லித் தர முடியுமா?

நாலரை அங்குல நீளம், இரண்டரை அகலம், இரண்டு உயரத்தில் ஒரு கட்டை எடுங்கள். மரத்தின் இழை சொண்டில் இருந்து வாலுக்கு நீளப்பாட்டில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் வால் நிச்சயம் உடையும். பக்கத்தோற்றத்தை ஒரு பக்கத்திலும் மேல்தோற்றத்தை முதுகிலும் பென்சிலால் கீறி வாளால் அறுத்து எடுத்தால் பெட்டி மாதிரி ஒரு குருவி வரும், பிறகு எல்லா மூலையையும் கத்தியால் சீவுவதுதான் வேலை. கத்தி தீட்டியிருக்க வேண்டும், மொட்டைக் கத்திதான் கையை வெட்டும். பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, வெட்டும் கையின் பெருவிரலுக்குத் தோல் உறை.

அப்புறம் தேய்த்தல். செதுக்க ஒரு மணித்தியாலம் என்றால் தேய்க்க மூன்று. 80ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 120, 180, 240, 320, கடைசியாக 400. இடையில் ஒரு தரம் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மர மயிர் எழும்பும், அதை மறுபடி தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியின் வியர்வை பட்டதும் குருவி சொரசொரத்துப் போகும். இலக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 120க்குப் பிறகு நேராக 320 போட்டால் பளபளக்கும், ஆனால் கீறல் உள்ளே இருக்கும், கண் காணாததை விரல் காணும். சரிபார்க்க நான் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் உரசிப் பார்ப்பேன்.

என்ன பூசுகிறீர்கள்?

ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். பூசி ஒரு இரவு வைத்துத் துணியால் துடைத்தால் போதும். வார்னிஷ் பூசினால் மரத்தைத் தொடவில்லை, பிளாஸ்டிக்கைத் தொடுகிறீர்கள். ஆளிவிதை எண்ணெய் சிலர் பூசுகிறார்கள், நல்லதுதான், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறி எரியும். விரித்துக் காயவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் விடுவார்களா?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் விடமாட்டார்கள், அது சரிதான், மரம் நுண்துளை உள்ள சாமான், இரும்பு மாதிரி அவித்துச் சுத்தமாக்க முடியாது. மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் புற்றுநோய்க்காரருக்குக் கொடுப்பதானால் டொக்டரிடமோ நேர்ஸிடமோ முதலில் கேட்க வேண்டும். ஒருவர் பிடித்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது, அவர் மோசம்போய்விட்டால் குருவி குடும்பத்துக்கு, அல்லது அவரோடு. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. ஞாபகம் தடுமாறியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வாய்க்குள் போகாத பருமனில் மட்டும்.

முஸ்லிம் ஆட்களுக்கும் குருவி கொடுப்பீர்களா? சாமி உருவம் செய்து தருவீர்களா?

உயிருள்ளதின் உருவம் வீட்டில் வேண்டாம் என்பவர்கள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. தோணி செய்கிறேன், அல்லது பூவரசம் இலை. பெருவிரல் போக ஒரு பள்ளம் இருந்தால் சரி. தோணி நன்றாக வந்துவிட்டதால் இப்போது மீன்பிடிக்கிற எல்லாச் சனமும் தோணிதான் கேட்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு மூலை உருட்டிய சின்னச் சிலுவை. சாமி செய்வதில்லை. அதற்கு விதி, சுத்தம் எல்லாம் இருக்கிறது, படுக்கையிலும் மலசலகூடத்துக்கும் கூடவே போகிற சாமானில் சாமியைச் செதுக்க என் மனது விடாது. ஆந்தையும் இல்லை. காகம் ஒரே ஒரு முறை செய்தேன், அம்மாவுக்குச் சோறு வைக்கிறேன், ஒரு காகமும் வருகிறதில்லை என்று ஒரு தம்பி வந்து நின்றான்.

கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். நான் சொல்வது "கையில வச்சிருங்க" என்று மட்டும். செத்தவீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் என்ன கதைப்பது என்று தெரியாமல் "எல்லாம் கடவுள் செயல்" என்று எதையாவது சொல்லி வைத்துவிடுகிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டுக்காரருக்குக் காது புளித்திருக்கும். குருவியோடு சேர்த்துக் கடதாசியில் கவிதை எழுதி வைக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. வேண்டாம் என்றேன். எட்டுச் செலவுக்குப் பிறகு, வந்த சனம் எல்லாம் போனபின் கொடுப்பது இன்னும் நல்லது.

எல்லாருக்கும் பிடிக்கிறதா?

இல்லை. ஒருவர் "என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்தீரா?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார். இன்னொருவர் கோபத்தில் சுவரில் அடித்தார், வால் உடைந்தது, இரண்டு மாதம் கழித்து மகனிடம் கொடுத்தனுப்பி ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தேன், ஒட்டு தெரியும்.

பிள்ளைகளுக்குப் பழக்கலாமா?

சவர்க்காரக் கட்டியும் ஐஸ்கிறீம் குச்சியும் கொடுத்துத் தொடங்குங்கள், கத்தி பிறகு. போர் நடந்துகொண்டிருந்தபோதே 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பிள்ளைகளுக்கான ஓர் இடம் தொடங்கி, அவர்களுக்குக் களிமண்ணும் வர்ணமும் கதையும் கொடுத்தார்கள், என்ன நடந்தது சொல்லு என்று நோண்டவில்லை. நானும் அப்படித்தான், தேய்த்துக்கொண்டு இருக்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்பதில்லை. தேய்க்கத் தேய்க்க அதுவே கதைக்கும். அவசரப்பட்டால் கதையும் போகும், மரத்தில் பள்ளமும் விழும்.

மரக்குருவி கொடுப்பது வேறு எங்கேயாவது வழக்கமா?

டோக்கியோவின் கமெய்தோ கோயிலில் வருஷாவருஷம் ஜனவரி 24, 25இல் சனம் போன வருஷத்து மரக்குருவியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிவரும். 'உசோ' என்கிற குருவி அது, அந்தச் சொல்லுக்குப் பொய் என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதாம். போன வருஷத்துக் கெட்டதெல்லாம் பொய்யாகப் போகட்டும் என்று மாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் மரச்சாமான் என்று கட்டாயம் எழுத வேண்டும், பட்டையோ வண்டுத்துளையோ இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். கனடாவுக்குப் போன குருவி வெள்ளை பூத்துவிட்டது என்று ஒரு தங்கச்சி பயந்து எழுதினாள். பூஞ்சணம் இல்லை, மெழுகு. இளஞ்சூட்டுத் துணியால் துடைத்தால் போகும்.

விலை என்ன?

விற்பதில்லை. விலை வைத்தால் நான் வேகமாகச் செய்வேன், என்னை எனக்குத் தெரியும். அரத்தாள் வாங்கித் தாருங்கள், 240 எப்போதும் முடிந்துபோகிறது.

ஒரே கட்டையில் இரட்டைக் குருவி செய்வீர்கள் என்று சொன்னார்களே?

ஓம். நீளக்கட்டை ஒன்றில் வாலோடு வால் ஒட்டினாற்போல் இரண்டு வெட்டி நடுவில் அறுத்தால், ஒன்றின் வாலில் முடிகிற மரக்கோடு மற்றதில் தொடரும், பக்கத்தில் வைத்தால் பொருந்தும். மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகிற தாய்மாருக்காகத்தான் இதைத் தொடங்கினேன், ஒன்று தாய்க்கு, ஒன்று பிள்ளைக்கு.

முதற்சோடி குவைத்துக்குப் போன ஓர் இளம் தாய்க்கு. இரண்டு வருஷம் கழித்து வந்தபோது இரண்டையும் கொண்டுவந்து காட்டினாள். மகளுடையது கறுத்து, மினுங்கி, தலையில் பல் அடையாளத்தோடு, சொண்டு இருந்த இடமே தெரியாமல் தேய்ந்திருந்தது. இவளுடையது நான் கொடுத்த அன்று போலவே புதுசு. பாவிக்கவில்லையா என்று கேட்டேன். "எடுத்தா அழுக வரும் அக்கா, வேல செய்யேலா" என்றாள். பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றியே வைத்திருந்தாளாம், வெள்ளிக்கிழமைகளில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாளாம்.

கோடு இப்போது பொருந்தவில்லை, மகளுடையது அவ்வளவு தேய்ந்துவிட்டது. புதிதாக ஒரு சோடி செய்து தரவா என்றேன். தாய் தலையாட்டுவதற்குள் மகள் இரண்டையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.